பி.கே.யூ உள்ள குழந்தைகிட்ட டயட்டை எந்த வரிசைல ஒப்படைக்கிறது: முழுமையான வழிகாட்டி

என் பொண்ணுக்கு பொறந்த மொத வாரத்துலயே குதிகால்ல குத்தி எடுத்த ரத்தத்துல பி.கே.யூ, அதாவது ஃபீனைல்கீட்டோனூரியான்னு தெரிஞ்சிருச்சு. புரோட்டீன்ல இருக்கற அமினோ ஆசிட்கள்ல (புரோட்டீன கட்டுற துண்டுகள்ல) ஒண்ணான ஃபீனைல்அலனின உடம்பால சரியா மாத்த முடியாத பிறவிக் குறை இது. இப்ப 13 வயசு. காலைல தன்னோட ஃபார்முலாவ, அதாவது ஃபீனைல்அலனின் இல்லாத புரோட்டீன் பவுடர, தானே கலக்கி குடிக்கிறா, சாப்பாட்ட எடை போடுறா, விரல்ல குத்தி ரத்தச் சொட்டு வச்சு லேபுக்கு அனுப்புற ரத்த கார்டும் அவளே எடுத்துடுறா, நான் பக்கத்துல நின்னு பாக்குறேன், அவ்வளவுதான். ஆனா இந்த நிலைமைக்கு வர்றதுக்குள்ள நான் பண்ணின தப்பு கொஞ்சநஞ்சம் இல்ல, அதுல பாதி என்ன சொல்லிக்குடுத்தேங்கிறதுல இல்ல, எதுக்கு அப்புறம் எத சொல்லிக்குடுத்தேங்கிறதுல.

அதுக்கப்புறம் புதுசா வர்ற நாலஞ்சு குடும்பத்தோட உக்காந்து பேசிப் பார்த்ததுல எல்லாரும் தடுக்கி விழுற இடம் ஒண்ணுதான்னு புரிஞ்சுது. ஒண்ணு குழந்தைக்கு 5 வயசுலயே எல்லா நம்பரையும் மனப்பாடம் பண்ண வைக்கிறாங்க, இல்லன்னா 14 வயசு வரைக்கும் எல்லாத்தையும் தாங்களே பண்ணிட்டு ஒரு நாள் "இனி நீயே பாத்துக்க"ன்னு மொத்தமா தூக்கி குடுத்துடுறாங்க. ரெண்டும் ஆகாது.

ஒரு விஷயம் முதல்லயே. இது பி.கே.யூ-க்கு மட்டும். இதுக்கு பக்கத்துல இருக்கற மத்த மெட்டபாலிக் பிரச்சனைகள் சிலதுல, உதாரணத்துக்கு எம்.எஸ்.யூ.டி, யூரியா சைக்கிள் கோளாறு இதுலல்லாம், ஒரு நாள் வாந்தி காய்ச்சலே உயிருக்கு ஆபத்து ஆகும், அவங்களுக்குன்னு டாக்டர் எழுதிக் குடுத்த எமர்ஜென்சி பிளான் தனியா இருக்கும். அவங்க இத படிச்சுட்டு எதையும் மாத்தாதீங்க. பி.கே.யூ-லயும் உங்க குழந்தையோட அளவு, பாயிண்ட், மருந்து எல்லாம் உங்க கிளினிக் சொல்றதுதான்.

1. ஆரம்பிக்கிறதுக்கு முன்னாடி கைல இருக்க வேண்டியது

ஒரு கிராம் வரைக்கும் காட்டுற சின்ன எடை மிஷின். கப்பு, ஸ்பூன் கணக்கு வேண்டாம், ஒரே ஸ்பூன்ல நீங்க அள்ளுற அளவும் பாட்டி அள்ளுற அளவும் ஒண்ணா இருக்காது.

கிளினிக் குடுத்த மூணு நம்பர ஒரு பேப்பர்ல எழுதி சமையல்கட்டுல ஒட்டுங்க: ஒரு நாளைக்கு எத்தன பாயிண்ட், ஒரு நாளைக்கு எவ்வளவு ஃபார்முலா, ரத்தத்துல ஃபீனைல்அலனின் எதுலேர்ந்து எதுக்குள்ள இருக்கணும். நாங்க இத சுருக்கமா ஃபீ-ன்னு சொல்லுவோம். 12 வயசு வரைக்கும் பொதுவா லிட்டருக்கு 120-லேர்ந்து 360 மைக்ரோமோல்னு சொல்றாங்க. அதுக்கு மேல ஐரோப்பா வழிகாட்டுதல்ல 600 வரைக்கும் விடுறாங்க, அமெரிக்காவுல ஆயுசுக்கும் 360-தான். உங்க டாக்டர் எத சொல்றாரோ அது.

சில லேப் மைக்ரோமோல் போடாம மில்லிகிராம்ல, அதாவது டெசிலிட்டருக்கு எவ்வளவுன்னு போடும். 1 மில்லிகிராம்னா சுமாரா 60 மைக்ரோமோல், அப்ப 360-ங்கிறது 6. ஒருத்தர் ரிப்போர்ட்ல 5-னு பாத்துட்டு "ஐயோ ரொம்ப கொறஞ்சு போச்சு"ன்னு ராத்திரி பூரா தூங்காம இருந்தாங்க, யூனிட்ட பாக்கல.

பாயிண்ட்னு நான் சொல்றது எக்ஸ்சேஞ்ச். 1 கிராம் புரோட்டீன்ல கிட்டத்தட்ட 50 மில்லிகிராம் ஃபீ இருக்கும், அத ஒரு எக்ஸ்சேஞ்சுன்னு வச்சு எண்ணுறது. குழந்தை வாய்க்கு பாயிண்ட் ஈஸியா வந்துச்சு, அதுவே நிலைச்சிடுச்சு. சில கிளினிக்ல மில்லிகிராமாவே எண்ண சொல்லுவாங்க. எதுவா இருந்தாலும் ஒண்ண மட்டும் பிடிங்க, ரெண்டையும் கலந்தா குழந்தைக்கு முன்னாடி நீங்க குழம்பிடுவீங்க.

2. வீட்ல எல்லாரும் ஒரே வார்த்தைய பேசணும்

குழந்தைக்கு சொல்லிக்குடுக்கிறதுக்கு முன்னாடி பெரியவங்க ஒரு தடவ உக்காந்து பேசணும். அப்பா ஒண்ணு சொல்லி, தாத்தா "ஒரு வாய்தானே"ன்னு ஒண்ணு சொன்னா குழந்தை அந்த ஒரு வாய் எங்க கிடைக்கும்னுதான் கத்துக்கும்.

நாங்க மூணு வார்த்தைல நிறுத்திக்கிட்டோம். பச்சை, எவ்வளவு வேணா சாப்பிடலாம். மஞ்சள், எண்ணி சாப்பிடணும். சிவப்பு, நம்ம உடம்புக்கு இல்ல. பால், சீஸ், முட்டை, மீன், இறைச்சி, பயறு வகை, கொட்டை வகை எல்லாம் சிவப்பு. சோறு, பிரெட், உருளைக்கிழங்கு, காயா வாங்குற பச்சைப் பட்டாணி, கீரை எல்லாம் மஞ்சள். பெரும்பாலான பழம், நிறைய காய், சர்க்கரை, எண்ணெய் பச்சை. எந்த காய் எந்த கலர்ங்கிறது உங்க டயட்டீஷியன் குடுக்கிற லிஸ்ட்ல இருக்கும், அதுதான் கணக்கு.

"கெட்ட சாப்பாடு"ன்னு மட்டும் சொல்லாதீங்க. அண்ணன் தினமும் அதத்தான சாப்பிடுறான், அப்ப அண்ணன் கெட்டவனா? நாலு வயசு குழந்தை இத நேரா கேக்கும், எங்கிட்ட கேட்டுச்சு.

3. முதல்ல ஃபார்முலா, அப்புறந்தான் சாப்பாடு

இந்த இடத்துலதான் நிறைய பேர் வரிசைய மாத்திடுறாங்க. சாப்பாட்டுல என்ன கூடாதுன்னு சொல்லிக்குடுக்கிறதுலயே எல்லா சக்தியும் போயிடும், ஃபார்முலா "அம்மா குடுப்பா, மூக்க பொத்திட்டு குடிக்கணும்"ங்கிற அளவுலயே நின்னுடும்.

ஃபார்முலா முதல்ல வர்றதுக்கு காரணம் இருக்கு. இந்த டயட்ல குழந்தை வளர்றதுக்கு வேண்டிய புரோட்டீன்ல பெரும்பங்கு அந்த கப்புலதான் இருக்கு. ஃபீ தவிர மத்த அமினோ ஆசிட் எல்லாம், கூடவே டைரோசின் (ஃபீ-லேர்ந்து உடம்பு செஞ்சுக்க வேண்டிய அமினோ ஆசிட்), பெரும்பாலான ஃபார்முலால வைட்டமினும் மினரலும். அத விட்டுட்டு வெறுமனே சாப்பாட்ட மட்டும் கட்டுப்படுத்தினா உடம்பு தன்னோட சொந்த தசையவே உடைக்க ஆரம்பிக்கும், தசைலயும் ஃபீ இருக்கு, அது ரத்தத்துல வந்து சேரும். "ஒண்ணுமே சாப்பிடல, ஆனாலும் லெவல் ஏறிடுச்சு"ன்னு அழுற அம்மாக்கள்ல பாதி பேரோட வீட்ல கப்பு பாதிதான் காலியாயிருக்கும்.

குழந்தைகிட்ட ஒப்படைக்கிறத இப்படி படிப்படியா போங்க. ரெண்டு வயசுல ஷேக்கர குலுக்கட்டும், மூடிய மட்டும் நீங்க இறுக்கிட்டு குடுங்க. நாலு வயசுல தண்ணிய கோடு வரைக்கும் ஊத்தட்டும். ஆறு ஏழு வயசுல பவுடர மிஷின்ல எடை போடட்டும், நீங்க நம்பர பாத்து தலையாட்டுங்க. எட்டு ஒம்பதுல முழுசா கலக்கிடலாம். குடிக்கிற வேலைய மட்டும் முதல் நாள்லேர்ந்தே குழந்தைதான் பண்ணுது, அதனால மத்ததையும் சேத்து "இது என்னோடது"ன்னு ஆக்குறது பெரிய கஷ்டம் இல்ல.

ஒரு நாள் அளவ மூணு நாலா பிரிச்சு குடுக்கணும், சாப்பாட்டோட சேர்த்து. மொத்தத்தையும் காலைலயே முடிச்சுட்டா வேலை முடிஞ்சிடும்னு தோணும், ஆனா ஒரே சமயத்துல அவ்வளவு அமினோ ஆசிட் போனா உடம்பு அத கட்டுமானத்துக்கு முழுசா பயன்படுத்தாம எரிச்சுடும், நாள் பூரா ஃபீ-யும் ஏறி இறங்கும்.

நான் ரொம்ப நாள் கவனிக்காம விட்ட ஒண்ணு. பவுடர் அடில படியும். பொண்ணு குடிச்சு முடிச்சு டம்ளர வச்சுட்டு ஓடிடுவா, நானும் காலின்னு நினைச்சு கழுவிடுவேன். ஒரு நாள் அந்த டம்ளர வெளிச்சத்துல சாய்ச்சு பாத்தா அடில ரெண்டு விரல்கடை உயரத்துக்கு வெள்ளையா கெட்டியா ஒட்டிக்கிட்டு இருக்கு, விரலால வழிச்சா மாவு மாதிரி வருது. எத்தன மாசமா அது கழுவுற தொட்டிக்கு போச்சோ தெரியல. அன்னைலேர்ந்து எங்க வீட்ல "ரெண்டாவது தண்ணி"ன்னு ஒரு ரூல்: குடிச்சு முடிச்சதும் கொஞ்சம் தண்ணி ஊத்தி சுழட்டி அதையும் குடிக்கணும். குழந்தைக்கு இத முதல்லயே பழக்கிட்டா தனியா சொல்ல வேண்டிய அவசியமே இல்ல.

தப்பு ரெண்டு. ஒண்ணு, தண்ணி கொறச்சு கெட்டியா கலக்கி "ரெண்டு மடக்குல முடிச்சுடு"ன்னு குடுக்கிறது, வயிறு வலிக்கும், பேதியும் ஆகலாம். கெட்டியா குடுக்கச் சொன்ன ஃபார்முலாவா இருந்தா கூடவே தண்ணி குடுக்கணும். ரெண்டாவது, குழந்தைக்கு பிடிச்ச சாப்பாட்டுல ஒளிச்சு வைக்கிறது. பாதில கண்டுபிடிச்சுடும், அந்த சாப்பாடும் போச்சு, ஃபார்முலாவும் போச்சு, உங்க மேல இருந்த நம்பிக்கையும் போச்சு.

4. "வேணாம்" சொல்றதுக்கு முன்னாடி "கேக்க" பழக்குங்க

ரெண்டு மூணு வயசு குழந்தைக்கு எது கூடாதுன்னு லிஸ்ட் தெரியாது, தெரியவும் முடியாது. ஆனா யார் எத குடுத்தாலும் கைல வாங்கிட்டு உங்க மூஞ்சிய பாத்து "இது எனக்கா?"ன்னு கேக்க முடியும். இந்த ஒரு பழக்கம் போதும், அடுத்த மூணு வருஷத்துக்கு இதுதான் பாதுகாப்பு.

பழக்குறது எப்படின்னா, பச்சையா இருக்கற சாப்பாட்டுக்கும் கேக்க வைங்க, கேட்ட உடனே "ஆமா, சாப்பிடு"ன்னு சந்தோஷமா சொல்லுங்க. பத்து தடவ கேட்டா எட்டு தடவயாவது ஆமான்னு பதில் வரணும். கேக்கும்போதெல்லாம் இல்லன்னே பதில் வந்தா குழந்தை கேக்கறத நிறுத்திடும், நம்மளும் அப்படித்தான செய்வோம்.

வாங்கினத தூக்கி போட சொல்லாதீங்க. ஒரு டப்பா வைங்க, கூடாதத அதுல போட்டா அதுக்கு பதிலா பச்சை டப்பாலேர்ந்து ஒண்ணு எடுத்துக்கலாம். பக்கத்து வீட்டு குழந்தையோட பொறந்த நாள்ல கேக் துண்ட கைல வச்சுக்கிட்டு என் பொண்ணு ஹால் முழுக்க என்னை தேடிட்டு வந்தா, கேக் பாதி நசுங்கி விரலிடுக்குல எல்லாம் க்ரீம், ஒரு விரல கூட நக்கல, "அம்மா, மாத்திக் குடு"ன்னா. அப்ப வயசு மூணே முக்கால்.

5. காரணம் சொல்றது, பயமுறுத்தாம

நாலஞ்சு வயசுல "ஏன்"னு ஆரம்பிக்கும். நான் சொன்ன கதை இது: புரோட்டீன்ங்கிறது ஒரு பூமாலை, அதுல 20 விதமான பூ. உடம்பு மாலைய பிரிச்சு ஒவ்வொரு பூவையும் எங்க வேணுமோ அங்க வைக்கும். ஃபீங்கிற பூவ வேற பூவா மாத்துறதுக்கு எல்லார் ஈரல்லயும் ஒரு ஆள் இருப்பாரு, உனக்கு அந்த ஆள் இல்ல, இருந்தாலும் ரொம்ப மெதுவா வேலை பாப்பாரு. அதனால அந்த பூ மட்டும் குவிஞ்சு மூளைக்கு போற வழில நெருக்கடி பண்ணும், மத்த பூ உள்ள போக முடியாது. நம்ம ஃபார்முலா அந்த ஒரு பூவ மட்டும் எடுத்துட்டு கட்டின மாலை.

பெரிசானப்புறம் இதுவே என்ஸைம், ஜீன்னு மாறும், அடிப்படை மாறாது.

இப்ப முக்கியமான இடம். பி.கே.யூ-ல தப்பா சாப்பிட்டா உடனே ஒண்ணும் ஆகாது. வலிக்காது, தடிக்காது, மூச்சு முட்டாது. இதுதான் இந்த நோயை குழந்தைக்கு கத்துக்குடுக்கிறதுல இருக்கற பெரிய கஷ்டமே. "இத சாப்பிட்டா மயங்கி விழுந்துடுவ, ஆஸ்பத்திரிக்கு தூக்கிட்டு போகணும்"னு சொல்லி வச்சிருப்பீங்க, ஒரு நாள் ஸ்கூல்ல யாரோட டப்பாலேர்ந்தோ ஒரு துண்டு சீஸ் சாப்பிடும், ஒண்ணுமே ஆகாது, சாயந்திரம் விளையாடும், நல்லா தூங்கும். அன்னைக்கு குழந்தை கத்துக்கிட்டது என்ன? அம்மா பொய் சொல்லுவா. அதுக்கப்புறம் நீங்க சொல்ற உண்மையும் எடுபடாது.

அதனால முதல்லேர்ந்தே உள்ளத சொல்லுங்க. ஒரு துண்டு சாப்பிட்டா இன்னைக்கு ஒண்ணும் தெரியாது. ஆனா தினமும் அப்படின்னா கொஞ்சம் கொஞ்சமா கவனம் நிக்காது, சும்மா சும்மா எரிச்சல் வரும், படிக்கிறது மண்டைல ஏறாது, சின்ன வயசுல ரொம்ப நாள் அப்படியே போனா மூளை வளர்ச்சியே பாதிக்கும். லெவல் ஏறின வாரம் என் பொண்ணு எப்படி இருந்தாங்கிறத நான் நோட்ல எழுதி வச்சு, எட்டு வயசுக்கு மேல அவகிட்டயே காட்டினேன். அது எந்த மிரட்டலையும் விட வேலை செஞ்சுது.

6. எடையும் கணக்கும்

அஞ்சு ஆறு வயசுல எடை மிஷின் குழந்தைக்கு விளையாட்டு சாமான். "40 வர்ற வரைக்கும் சோறு போடு"ன்னு சொன்னா ஒவ்வொரு பருக்கையா போடும். போடட்டும், அவசரப்படுத்தாதீங்க. முதல்ல எடை, அப்புறம் பாயிண்ட் கூட்டல், கடைசியாத்தான் வகுத்தல்.

கூட்டலுக்கு நாங்க பட்டன் வச்சிருந்தோம். ஒரு நாளைக்கு 6 பாயிண்ட்னா காலைல 6 பட்டன் ஒரு கிண்ணத்துல. ஒரு பாயிண்ட் சாப்பிட்டா ஒரு பட்டன் அடுத்த கிண்ணத்துக்கு போகும். மதியமே கிண்ணம் காலியானா ராத்திரிக்கு என்ன பண்றதுன்னு குழந்தையே யோசிக்கும். ஒரு நாள் அப்படி தீந்து போக விட்டுப் பாருங்க, ராத்திரி பச்சை சாப்பாட்டுல வயித்த நிரப்பிடலாம், ஆபத்து ஒண்ணும் இல்ல, அடுத்த நாள் அவங்களே பங்கு பிரிப்பாங்க.

எட்டு வயசுக்கு மேல வகுத்தல். 100-ஐ, 100 கிராம்ல இருக்கற புரோட்டீனால வகுத்தா எத்தன கிராம் ஒரு பாயிண்ட்னு வந்துடும். 100 கிராம்ல 2 கிராம் புரோட்டீன்னா 50 கிராம் ஒரு பாயிண்ட். 8 கிராம்னா 12.5 கிராம். இது ஒண்ணு கைவசம் இருந்தா உலகத்துல எந்த பாக்கெட்டும் புதுசு இல்ல.

இதுல என்னோட பெரிய தப்ப சொல்லிடுறேன். வேகாத அரிசில 100 கிராமுக்கு சுமாரா 7 கிராம் புரோட்டீன், அப்ப 14 கிராம் ஒரு பாயிண்ட். வெந்த சோறு தண்ணிய குடிச்சு ஊதிடும், 100 கிராமுக்கு ரெண்டரைதான், அப்ப 40 கிராம் ஒரு பாயிண்ட். நான் பாக்கெட் நம்பர வச்சு வெந்த சோத்த 14 கிராம் எடை போட்டு குடுத்துக்கிட்டு இருந்தேன், மூணு வாரம். குழந்தை சோர்ந்து போச்சு, கன்னத்துல தோல் உரிய ஆரம்பிச்சுது, கார்டு போட்டா ஃபீ 120-க்கும் கீழ. ஃபீ கூடினாத்தான் ஆபத்துன்னு நினைச்சுட்டு இருந்தேன், கொறஞ்சாலும் ஆபத்துதான், ஃபீ இல்லாம உடம்பு புரோட்டீனே கட்ட முடியாது. அதனால பாயிண்ட்ட மிச்சம் பிடிக்கிறது சமத்துன்னு குழந்தைய பாராட்டாதீங்க. குடுத்த பாயிண்ட்ட சாப்பிட்டு முடிக்கணும், அதுவும் டயட்தான்.

பசியையும் கவனிங்க. பாயிண்ட் தீந்துடுச்சு, ஆனா குழந்தைக்கு பசிக்குதுன்னா பச்சை சாப்பாடு, லோ புரோட்டீன் மாவுல செஞ்சது, கொஞ்சம் எண்ணெயோ வெண்ணெயோ சேத்து வயித்த நிரப்புங்க. கலோரி கொறஞ்சா மறுபடி தசை உடையுற கதைதான்.

7. லேபிள் படிக்க

எழுத்து கூட்டி படிக்க ஆரம்பிச்ச உடனே கடைக்கு கூட்டிட்டு போய் பாக்கெட்ட கைல குடுங்க. எத தேடணுங்கிற வரிசை:

முதல்ல அஸ்பார்டேம். இனிப்புக்கு போடுறது, இ 951-னும் எழுதியிருக்கும், இ 962-லயும் அதுதான் இருக்கு. இதோட பெரும்பகுதியே ஃபீ. சர்க்கரை இல்லாத குளிர்பானம், சூயிங் கம், மென்னு சாப்பிடுற மாத்திரை, சில சிரப் இதுலல்லாம் வரும். பெரும்பாலும் "ஃபீனைல்அலனின் உள்ளது"ன்னு பொடி எழுத்துல போட்டிருப்பான். வேடிக்கை என்னன்னா புரோட்டீன் 0-ன்னு போட்ட பாட்டில்லயும் இது இருக்கும், அதனாலதான் புரோட்டீன் நம்பருக்கு முன்னாடி இத தேடணும். நம்ம குழந்தைக்கு "டயட்"னு எழுதினதுதான் எதிரி, சர்க்கரை போட்டது பிரச்சனை இல்ல, பல்லு பிரச்சனைய தவிர.

ரெண்டாவது ஜெலட்டின். பளபளன்னு இருக்கற மெல்லுற மிட்டாய் பலதுல இது இருக்கும், இதுவும் புரோட்டீன்.

மூணாவதுதான் புரோட்டீன் நம்பர், அதுவும் 100 கிராமுக்கு போட்டிருக்கற கட்டம். பக்கத்துல "ஒரு பரிமாறலுக்கு"ன்னு இன்னொரு கட்டம் இருக்கும், அது கம்பெனிக்காரன் இஷ்டத்துக்கு வச்ச அளவு. குழந்தைங்க எப்பவும் சின்ன நம்பரத்தான் படிக்கும். எந்த கட்டம்னு விரல வச்சு காட்ட சொல்லுங்க.

பழகின பாக்கெட்டையும் ஒவ்வொரு தடவையும் திருப்பி பாக்கணும், அட்டை அதேதான் இருக்கும், உள்ள இருக்கறத மாத்தியிருப்பான்.

8. ரத்த கார்டு

ஒரு வயசு வரைக்கும் வாரம் ஒரு தடவ, அப்புறம் 12 வயசு வரைக்கும் ரெண்டு வாரத்துக்கு ஒரு தடவ, அதுக்கு மேல மாசம் ஒண்ணுங்கிறது பொதுவான கணக்கு. வருஷக்கணக்குல வர்ற வேலை, அதனால இத சண்டையில்லாம ஆக்குறதுதான் முதல் லட்சியம்.

எப்பவும் ஒரே நேரத்துல எடுங்க, காலைல முதல் ஃபார்முலாவுக்கு முன்னாடி. ஒரு நாள் காலைலயும் ஒரு நாள் சாயந்திரமும் எடுத்தா ரெண்டு நம்பரையும் ஒப்பிட முடியாது.

குத்துறதுக்கு முன்னாடியே பேர், தேதி, நேரம் எழுதிடுங்க, அப்புறம் கைல ரத்தத்தோட பேனா தேட வேண்டாம். வெதுவெதுப்பான தண்ணில கை கழுவி நல்லா தொடைக்கணும், ஈரம் இருந்தா ரத்தம் நீர்த்துப் போகும். விரல் நுனியோட நடுவுல குத்தாம பக்கவாட்டுல குத்துங்க, வலி கம்மி. கைய தொங்க விட்டா சொட்டு தானா திரளும், பிழியாதீங்க. ஒரு வட்டத்துக்கு ஒரு பெரிய சொட்டு, பின்பக்கம் வரைக்கும் ஊறணும். பத்தலன்னு அது மேலயே இன்னொரு சொட்டு வச்சா கார்டு வீண்தான். அப்புறம் வெயில் படாத இடத்துல படுக்க வச்சு மூணு நாலு மணி நேரம் காய விடணும். ஈரத்தோட கவர்ல போட்டு அனுப்பி ரெண்டு தடவ கார்டு திரும்பி வந்துச்சு எனக்கு.

குழந்தைக்கு எந்த வேலை? மூணு வயசுல எந்த விரல்னு அவங்க சொல்லட்டும். அஞ்சு வயசுல பஞ்சு பிடிச்சுக்கட்டும். ஏழெட்டுல சொட்ட கார்டுல வைக்கட்டும். பத்து வயசு வாக்குல தானே குத்திக்க கேப்பாங்க, கேக்கற வரைக்கும் காத்திருங்க. என் பொண்ணு முதல் தடவ லான்செட்ட விரல்ல வச்சுக்கிட்டு இருபது நிமிஷம் உக்காந்திருந்தா, ஸ்கூல் பஸ் போயிடுச்சு. நான் பிடுங்கி குத்தியிருந்தா பஸ் கிடைச்சிருக்கும், அடுத்த ரெண்டு வருஷம் நான்தான் குத்திட்டு இருந்திருப்பேன்.

ரிசல்ட் வந்ததும் மார்க் ஷீட் பாக்கற மூஞ்சிய வைக்காதீங்க. நம்பர் ஏன் ஏறுச்சுன்னு தேடுறதுக்கு கார்டு எடுக்கறதுக்கு முந்தின மூணு நாள் சாப்பாட்ட எழுதி வச்சிருக்கணும், ரிசல்ட் வர்றதுக்கு நாள் ஆகும், அதுக்குள்ள என்ன சாப்பிட்டோம்னு யாருக்கும் ஞாபகம் இருக்காது. "நீ என்ன பண்ணின?"ன்னு கேக்காம "என்ன நடந்துச்சுன்னு பாப்போமா?"ன்னு கேளுங்க. பல தடவ சளி பிடிச்சிருக்கும், பல்லு முளைச்சிருக்கும், ஃபார்முலா கொறஞ்சிருக்கும், குழந்தை மேல தப்பே இருக்காது.

9. ஸ்கூல்

டீச்சருக்கு ஒரே ஒரு பக்கம் எழுதிக் குடுங்க, அதுக்கு மேல யாரும் படிக்க மாட்டாங்க. அதுல மூணு விஷயம் இருந்தா போதும். இது அலர்ஜி இல்ல, தொட்டா ஒண்ணும் ஆகாது, தனியா உக்கார வைக்க வேண்டாம். தப்பா சாப்பிட்டா பதற வேண்டாம், எது எவ்வளவுன்னு மட்டும் சொல்லுங்க. மிச்ச சாப்பாட்ட குப்பைல போட விடாதீங்க, அப்படியே டப்பால திரும்பி வரணும். இந்த மூணாவதத்தான் எல்லாரும் மறப்பாங்க. டப்பா காலியா வந்தா குழந்தை சாப்பிட்டுச்சா, கொட்டிச்சா, யாருக்காவது குடுத்துச்சான்னு எப்படி கணக்கு போடுறது?

கிளாஸ்ல திடீர்னு யாராவது மிட்டாய் குடுத்தா மாத்திக்க டீச்சர்கிட்ட ஒரு பச்சை டப்பா வச்சுடுங்க. கூட படிக்கிற பிள்ளைங்க கேட்டா சொல்றதுக்கு குழந்தைக்கு ஒரு வரி வேணும், அத வீட்லயே சொல்லிப் பாக்கணும். "எனக்கு புரோட்டீன் ஒத்துக்காது, அதனால என் சாப்பாடு வேற" அவ்வளவுதான், மூளை, ஜீன், வியாதி எல்லாம் வேண்டாம்.

10. ஒளிச்சு சாப்பிட்டா

சாப்பிடும், எல்லா குழந்தையும். ஏழெட்டு வயசுலயோ பதினொண்ணுலயோ ஒரு நாள் தலகாணி கீழ காகிதம் கிடைக்கும். அன்னைக்கு நீங்க கத்தினா அடுத்த தடவ காகிதமும் கிடைக்காது.

எங்க வீட்ல ரூல் இது: சொல்லிட்டா திட்டு இல்ல, எழுதிட்டு அன்னைக்கு பாயிண்ட்ல கழிச்சுக்குவோம், முடிஞ்சுது. இத காப்பாத்துறது எனக்குத்தான் கஷ்டமா இருந்துச்சு, ஒரு தடவ பாதி முட்டை சாப்பிட்டேன்னு வந்து நின்னா, பல்ல கடிச்சுக்கிட்டு "சரி, மூணு பாயிண்ட், எழுது"ன்னேன். எழுதிட்டு அவளே கேட்டா, "அம்மா, முட்டை நல்லாவே இல்ல, ஏன் எல்லாரும் சாப்பிடுறாங்க?"

தண்டனையா பாயிண்ட்ட பிடுங்காதீங்க, பரிசா கூட பாயிண்டும் குடுக்காதீங்க. அது மருந்து அளவு மாதிரி, பேரம் பேசுற பொருள் இல்ல.

11. காய்ச்சல் வந்தா

உடம்பு சரியில்லாதப்ப தசை உடையும், சாப்பிடலனாலும் ஃபீ ஏறும். மருந்து சிரப்ல அஸ்பார்டேம் இருக்கான்னு பாத்து வாங்குங்க. ஃபார்முலாவ நிறுத்தாதீங்க, முழு அளவு போகலன்னா சின்ன சின்ன மடக்கா அடிக்கடி. சர்க்கரை போட்ட பானம், பழச்சாறு குடுத்து கலோரி கொறயாம பாத்துக்கங்க. சாப்பாட்டு பாயிண்ட்ட வற்புறுத்தி ஊட்ட வேண்டாம், ஆனா ரெண்டு மூணு நாளுக்கு மேல நீண்டா கிளினிக்குக்கு போன் போட்டு கேளுங்க. குழந்தை பெரிசான பிறகு இந்த லிஸ்ட்ட அவங்க கையெழுத்துலயே எழுதி ஃபிரிட்ஜ்ல ஒட்ட வைங்க, காய்ச்சல்ல யாருக்கும் யோசிக்க வராது.

12. பன்னெண்டு வயசுக்கு மேல

இந்த வயசுல முதல்ல நழுவுறது ஃபார்முலாதான், சாப்பாடு இல்ல. மதிய டோஸ பிரெண்ட்ஸ் முன்னாடி குடிக்க வெக்கம், அப்புறம் காலை டோஸ் அவசரத்துல போகும். ஃபார்முலாவ விட்டவங்களுக்கு பி12 கொறயுற பிரச்சனை தெரிஞ்ச விஷயம், அதுல நரம்பும் பாதிக்கும். மணம் கம்மியா, கலக்கி வச்ச சின்ன பாக்கெட்டா கிடைக்கிற வகை இருக்கான்னு டயட்டீஷியன்கிட்ட கேளுங்க, மானம் போகாம குடிக்க முடிஞ்சாத்தான் குடிப்பாங்க.

ஃபீ-ய மாத்துற என்ஸைமுக்கு உதவுற சாப்ரோப்டெரின் மாத்திரை சிலருக்கு வேலை செய்யும், எல்லாருக்கும் இல்ல, டெஸ்ட் பண்ணித்தான் தெரியும். வேலை செஞ்சு பாயிண்ட் கூடினாலும் எண்ணுற பழக்கத்த விட முடியாது.

டாக்டர்கிட்ட போனா முதல் பத்து நிமிஷம் பிள்ளை பேசட்டும், நீங்க வாய மூடிட்டு இருங்க. நாங்க போறதுக்கு முந்தின ராத்திரி மூணு கேள்வி அவளே எழுதுவா. போன தடவ முதல் கேள்வியே "பரீட்சை வாரத்துல என் லெவல் ஏன் ஏறுது?"ன்னு இருந்துச்சு. நான் அத கவனிச்சதே இல்ல. டாக்டர் நோட்ட பாத்துட்டு பரீட்சை நாள்ல மதியம் ஃபார்முலா எங்க குடிக்கிறன்னு கேட்டாரு, குடிக்கிறதே இல்லன்னு வெளிய வந்துச்சு.

பொண்ணா இருந்தா இன்னொரு பேச்சும் இந்த வயசுலயே ஆரம்பிக்கணும், வெக்கப்பட்டு தள்ளிப் போடாதீங்க. கர்ப்பம் ஆகும்போது அம்மாவோட ஃபீ கூட இருந்தா வயித்துல இருக்கற குழந்தையோட மூளை, இதயம் ரெண்டையும் பாதிக்கும், அந்த குழந்தைக்கு பி.கே.யூ இல்லன்னாலும். அதனால லெவல கர்ப்பத்துக்கு முன்னாடியே இறக்கி வச்சிருக்கணும், தெரிஞ்சப்புறம் பாத்துக்கலாம்னா லேட். நான் இத எப்படி சொல்றதுன்னு ஒரு வாரமா ஒத்திகை பாத்துட்டு ஒரு நாள் அவ பவுடர் எடை போட்டுட்டு இருக்கும்போது ஆரம்பிச்சேன். "தெரியும்மா, போன வருஷமே படிச்சுட்டேன்"னுட்டு டம்ளர்ல ரெண்டாவது தண்ணி ஊத்தினா.